ஒரு சிட்டிகை சிறுகோள்

அந்தக் கருவியை முதன்முதலாக ஒரு சிறுகோளின் பக்கம் திருப்பிய அன்று அதன் உள்ளே ஒரு சிட்டிகை தூசி வந்து சேர்ந்தது. அதே நேரத்தில் சிறுகோளில் ஒரு சிட்டிகை குறைந்தது. குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை, அது பல கோடி மைலுக்கு அப்பால் இருந்தது. வந்து சேர்ந்ததைத்தான் கவனித்தார்கள். கவனித்ததும் கருவியைச் செய்தவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில் வேலை பார்த்தாள். எல்லோரும் அவளைக் கருவிக்காரி என்றே சொன்னார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

கருவி செய்ய வேண்டிய வேலை எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. வெயிலில் கிடந்த கருங்கல் படி பொழுது சாய்ந்த பிறகும் வெகு நேரம் சுடும். அதன் பக்கத்திலேயே கிடக்கும் மணல் சீக்கிரம் ஆறிவிடும். சிறுகோளும் தன்னைத்தானே சுற்றுகிறது, அதற்கும் பகல் உண்டு, இரவு உண்டு. அதன் தரை எவ்வளவு வேகத்தில் சூடேறுகிறது, எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்று தொலைநோக்கி வழியாக அளந்துவிட்டால், அங்கே கிடப்பது பாறையா தூளா என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் அவ்வளவு தூரத்துச் சூட்டை அளக்கிற கருவிக்குத் தன் சொந்தச் சூடு இருக்கக் கூடாது. அதனால் கண்ணாடிகளையும் சென்சாரையும் ஒரு எஃகுப் பெட்டிக்குள் வைத்து, காற்றை முழுக்க உறிஞ்சி, கடுங்குளிரில் வைத்திருந்தார்கள். மூடிவிட்டால் அந்தப் பெட்டிக்குள் ஈ எறும்பு நுழைய வழியில்லை. திறப்பதென்றால் பல நாள் மெல்ல மெல்லச் சூடாக்கி, சொட்டுச் சொட்டாகக் காற்றை விட்டு, திருகுகளை எதிரெதிராகத் தளர்த்த வேண்டும். அத்தனை பாடுபட்டுத் திறந்தபோதுதான் கண்ணாடியின் மேல் அந்தத் தூசி உட்கார்ந்திருந்தது.

கண்ணாடியில் தூசி இருந்தால் எது சிறுகோளின் சூடு, எது தூசியின் சூடு என்று பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடத்து இயக்குநருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சிறுகோள் வெறும் மொட்டைப் பாறை என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். கருவியோ அது முழுக்கத் தூள் என்று காட்டியது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், "உங்க கருவி தன் மேல இருக்கிற அழுக்கைத்தான் அளந்திருக்கும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தூசியைக் கண்டால் துடை என்பது அவள் தொழிலில் முதல் பாடம், அதற்கு மேல் யோசிக்க அந்தத் தொழிலில் யாரும் பழகுவதில்லை. துடைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு உருண்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே ஒரு இழுப்பு. அத்தோடு அந்த உருண்டையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், திருப்பி வைத்து இன்னொரு தடவை துடைக்கக் கூடாது. அவள் அப்படியே செய்தாள். இப்படியாக அந்தச் சிறுகோள் பல வருடங்கள் சிறுகச் சிறுகக் குப்பை வண்டியில் போய்க்கொண்டிருந்தது.

தூசியை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு அவள் அறைக்கு இரண்டாவது கதவு வைத்தது, பிறகு மூன்றாவது. செருப்பு வெளியே, தலையில் உறை, முகத்தில் துணி. பெட்டியைப் பற்றவைத்துக் கொடுக்கும் வெல்டர் ஆசை ஆசையாக வளர்த்த தாடி போயிற்று. முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்களைக் கதவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கருவிக்காரி ஒவ்வொரு திருகையும் தானே கழுவி, தானே உலர்த்தி, தானே பூட்டினாள். பெட்டியை மூடுமுன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள், ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பிறகு தொலைநோக்கிக்கு எடுத்துப் போவார்கள், முதலில் கருவியைச் சரிபார்க்க ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், அடுத்துச் சிறுகோளைப் பார்ப்பார்கள், கொண்டுவந்து திறப்பார்கள். தூசி இருக்கும். ஒரு சிறுகோளைப் பார்த்துவிட்டு வந்தால் கரி மாதிரி கறுப்பாக இருக்கும், இன்னொன்றைப் பார்த்துவிட்டு வந்தால் செங்கல் நிறத்தில் இருக்கும். குழு இரண்டையும் அழுக்கு என்றே குறித்துக்கொண்டது. அவள் மூன்றாவது கதவுக்கு உள்ளே நின்று, தலையுறையோடும் முகத்துணியோடும், யாருக்கும் கேட்காமல் கெட்ட வார்த்தை சொல்லக் கற்றுக்கொண்டாள்.

கதவுகளிலும் தாடிகளிலும் தேடி அலுத்துப்போன குழு கடைசியில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவள் கணவர் மெத்தைக்காரர். குறுகலான தெருவில், கீழ்வீட்டின் முன்னறையில் பஞ்சு அடிக்கும் மிஷின் வைத்திருந்தார். பழைய மெத்தைகளைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை மிஷினில் விட்டுப் பூவாக்கி, மறுபடி தைத்துக் கொடுப்பார். அவர் புருவத்தில் எந்நேரமும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும், கல்யாணப் போட்டோவிலேயே இருந்தது. குழுத் தலைவர் கருவிக்காரியின் தலைமுடியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.  சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிக் கேட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் காலையில் இரண்டு தடவை குளித்தாள். உடுப்பை ஆய்வுக்கூடத்துக் குளியலறையில் மாற்றிக்கொண்டாள். கணவரை வேலை முடிந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொன்னாள். பிறகு கூடத்தில் படுக்கச் சொன்னாள். தூசி நிற்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல், மிஷினைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். "கொடுத்துடலாம். உன் வேலை பெருசு. மெத்தையை யாரு வேணா அடிப்பாங்க" என்றார் அவர். அது பெருந்தன்மையா குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் துணிவு வரவில்லை. மிஷினை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு அவர் தெருவிலேயே வெகு நேரம் நின்றார். அடுத்த வாரம் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெட்டிகளுக்கு டேப் ஒட்டத் தொடங்கினார். மாடியில் இருந்த நாத்தனார், அவருடைய அக்கா, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "என் தம்பியைக் கழுவித் துடைச்சு ஷோகேஸ்ல வெச்சுட்டா." அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை, கருவிக்காரியைத் தவிர.

மிஷின் போன பிறகு முதல் தடவையாகப் பெட்டியைத் திறந்தபோதும் உள்ளே தூசி இருந்தது. எப்போதும்போல ஒரு சிட்டிகை, சாம்பல் நிறத்தில்.  பஞ்சு உருண்டையை ஸ்பிரிட்டில் நனைத்தாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள், குப்பையில் போட்டாள். வீட்டுக்குப் போய் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூச்சு விடாமலே வருடங்கள் போயின. கணவரின் புருவம் சுத்தமாக இருந்தது. அவர் கூடத்திலேயே படுத்துப் பழகிவிட்டார், உள்ளே வரச்சொல்லி அவளும் கூப்பிடவில்லை, கூப்பிடாததற்குக் காரணம் வெட்கம்தான்.

உண்மை தெரிந்தது ஒரு எரிச்சலான மாதத்தில். அந்த முறை சிறுகோள் பார்க்க ஒதுக்கியிருந்த நேரத்தை வேறு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சரிபார்க்கும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கருவி கீழ்த்தளத்துக்குத் திரும்பியது. பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பு தெரிந்ததால், அவள் திட்டிக்கொண்டே அதைச் சூடாக்கித் திறந்தாள். உள்ளே கண்ணாடி, தேய்த்துக் கவிழ்த்த தட்டு போலப் பளிச்சென்று இருந்தது. அவள் கையில் தயாராக நனைத்து வைத்திருந்த பஞ்சு உருண்டை காய்ந்தது. நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த கருவியை அத்தனை வருடங்களில் யாரும் திறந்ததே இல்லை. ஒழுங்காக இருப்பதை எதற்குத் திறப்பார்கள்? கறுப்பும் செங்கல் நிறமும் அவளுக்கு ஞாபகம் வந்தன. அடுத்த மாதம் சிறுகோளைப் பார்த்தார்கள், திறந்தாள், சாம்பல் நிறத் தூசி வந்து உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை அவள் துடைக்கவில்லை. ஒரு மெல்லிய தூரிகையால் வழித்து எஃகு டப்பாவில் போட்டு மூடினாள்.

அன்று மாலை கணவர் பார்சல் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "என்னங்க, அது உங்க பஞ்சு இல்ல. சிறுகோள்லேருந்து வருது." அவர் ஒரு செருப்போடு நின்றார். வானத்திலிருந்து தூசி வருவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ மிஷினை வித்ததுக்கு அப்புறமும் வந்துட்டுதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். "அப்பவே தெரியுமா?" தூசி வந்தது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது என்றாள். அவர் இன்னொரு செருப்பையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். மறுநாள் மிஷினை வாங்கியவனைத் தேடிப் போனார். அவன் அதை எப்போதோ உடைத்து இரும்புக் கடையில் போட்டிருந்தான்.

தூசி எங்கிருந்து வருகிறது என்று அவள் குழுவுக்கும் சொன்னாள். யாரும் ஆச்சரியப்படவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. நிறங்கள் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு இயக்குநரே ஒப்புக்கொண்டார். "வர்ற இடம் எதுவா இருந்தா என்னம்மா, கண்ணாடியில தூசி இருக்கக் கூடாதுங்கறதுதானே விதி" என்றார். அப்படியானால் தூசியையே ஆராய்ந்து பார்க்கலாமே என்றாள். அது வானத்துக் கற்களை ஆராயும் கல் பிரிவின் வேலை என்றார்கள். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு கல் பிரிவுக்குப் போனாள். வானத்துக் கல் என்றால் ஒன்று தானாக விழுந்திருக்க வேண்டும், இல்லை விண்கலம் அனுப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும், கண்ணாடி வழியாக வந்ததை எங்கள் பிரிவில் எடுக்க வழியில்லை, ஒளி வழியாக வந்தது ஒளிப் பிரிவுக்குத்தான் சொந்தம் என்றார்கள். ஒளிப் பிரிவு என்பது அவள் வேலை பார்த்த பிரிவு. தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிப் பார்த்தாள். இரண்டு வருடம் அவளையும் டப்பாவையும் மாடிக்கும் கீழுக்கும் பந்தாடினார்கள். டப்பாவைச் சுவரில் விட்டெறிய வேண்டும் என்று அவளுக்குப் பல தடவை தோன்றியது. உள்ளே இருந்தது இவ்வளவு தூரம் வந்தது அதற்காக அல்ல என்பதால் எறியவில்லை.

அந்தச் சாம்பல் நிறச் சிறுகோள், இயக்குநர் மொட்டைப் பாறை என்று சொன்ன அதே சிறுகோள், பூமிக்குப் பக்கத்தில் வருகிற வருடம் அது. அடுத்த தடவை அது வரும்போது அவள் ஓய்வு பெற்று முடி நரைத்திருப்பாள். இந்த முறை சுத்தமான கண்ணாடியோடு ஒரு அளவாவது எடுத்துத் தராவிட்டால் கருவியை மூட்டை கட்டிவிடுவோம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். சுத்தமாக வைக்க ஒரே வழி சிறுகோளைப் பார்க்காமல் இருப்பது. அதை அவள் சொன்னபோது அவர் நியாயம்தான் என்றார், ஆனால் நிபந்தனையை மாற்றவில்லை. பார்ப்பதற்காகச் செய்த கருவி பார்க்கட்டும் என்று அவள் அதை அந்தச் சிறுகோளின் மேல் திருப்பி, அது கிட்ட வந்து கடந்து போகும் வரை ஒரு வாரம் முழுக்கக் கண்ணை எடுக்காமல் வைத்திருந்தாள். முதல் நாளே சென்சார் குருடாகிவிட்டது. வாரக் கடைசியில் பெட்டி கனத்து, தூக்க நான்கு ஆள் தேவைப்பட்டது. திறந்தபோது கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தூசி சரிந்து தரையில் கொட்டி, மூன்று கதவுகளையும் தாண்டி நடைபாதைக்கு வந்தது. அத்தனை வருட உழைப்புக்கு ஒரு எண்கூடத் தேறவில்லை. இயக்குநர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, செருப்பில் தூசி படாமல் திரும்பிப் போனார். அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், முகத்துணி இருந்ததால் அது பெரிதாகக் கேட்கவில்லை.

தூசியை அப்புறப்படுத்தும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். கல் பிரிவு இப்போதும் வாங்கவில்லை. குப்பை வண்டிக்காரரோ, அலுவலகக் கழிவுதான் ஏற்றுவேன், ஊர் பெயர் தெரியாத மண்ணை ஏற்ற மாட்டேன் என்றார். அவள் இரண்டு சின்னச் சாக்கில் அள்ளிக் கட்டி, பேருந்தில் ஏற்றினாள். "என்னம்மா, சிமெண்டா?" என்று கேட்டார் கண்டக்டர். "இல்லண்ணே, சிறுகோள்." "படிக்கட்டுப் பக்கம் வைக்காதீங்க, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார் அவர். வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் மிஷின் இருந்த இடம் காலியாகவே கிடந்ததால், அங்கே சாய்த்து வைத்தாள்.

சாக்கின் இழைவழியே தூசி கசிந்து தரையெல்லாம் பரவியது. கணவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய்க் கெட்டித் துணியும் கொஞ்சம் பஞ்சும் வாங்கி வந்தார். "எதுக்குங்க?" என்று கேட்டாள். "வீட்டுக்குள்ள தூசி ஆகாதுன்னு நீதானே சொன்ன. தைச்சு மூடிடறேன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தூளை மட்டும் அடைத்தால் ஒரு மூலைக்கு ஓடிவிடும் என்று பஞ்சையும் சேர்த்தார். மிஷின் இல்லாததால் விரலாலேயே பஞ்சைப் பிரித்துப் பிரித்துப் பூவாக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது. ஒருவர் தாராளமாக, நெருக்கிக்கொண்டால் இருவர் உட்காரும் அளவில் ஒரு சின்ன மெத்தை ஆயிற்று. வேலை முடிந்து நிமிர்ந்தபோது அவர் புருவத்தில் பஞ்சு இருந்தது. அவளுக்கு அதைத் தட்டிவிட மனமில்லை.

மெத்தையில் முதலில் உட்கார்ந்தது நாத்தனார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, "யாரு இதுல இஸ்திரிப் பெட்டியை வெச்சது?" என்றாள். தொட்டுப் பார்த்தால் மெத்தை நல்ல சூடாக இருந்தது. இரண்டு மணி நேரம் பொறுத்துத் தொட்டால் சில்லென்று இருந்தது, நாத்தனார் மறுபடி உட்கார்ந்தாள். பிறகு மறுபடி சூடேறியது. வெயில் அந்த அறைக்குள் வருவதே இல்லை. கருவிக்காரிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்தச் சிறுகோள் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைச் சுற்றுகிறது. இவ்வளவு தூரம் வந்த பிறகும் தூள் தன் ஊர்ப் பகலையும் இரவையும் விடவில்லை. எஃகு டப்பாவில் இருந்த ஒரு சிட்டிகைக்கு அதைக் காட்டுகிற அளவுக்குத் தெம்பு இருந்திருக்காது, சாக்கு சுட்டதை வெறும் புழுக்கம் என்று நினைத்திருந்தார்கள். "அண்ணி, எந்திரிக்காதீங்க, இல்ல, எந்திரிங்க" என்று உளறிக்கொண்டே ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து மெத்தையில் செருகினாள். தரை எவ்வளவு வேகத்தில் சூடேறுகிறது, எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்ற கோடு, அவள் அத்தனை வருடம் எஃகுப் பெட்டிக்குள் தேடிய கோடு, முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வரைய வந்தது. சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கியது. பாறை அப்படி ஆறாது.

வரைபடத்தையும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு குழுவுக்கு முன்னால் போனாள். குழுவில் எல்லோரும் முறை வைத்து உட்கார்ந்து பார்த்தார்கள், கடைசியில் இயக்குநரும் உட்கார்ந்தார். அது சூடேறுவதை ஒருவரும் மறுக்கவில்லை. வரைபடத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு குழுத் தலைவர் தையலோரத்தைக் கிள்ளி ஒரு இழையை இழுத்தார். "இதுல பஞ்சு கலந்திருக்கே" என்றார். தூளின் சூடு எது, பஞ்சின் சூடு எது என்று பிரிக்க முடியாது என்பதால் முடிவை ஏற்க இயலவில்லை என்று அவளுக்குத் தெரிவித்தார்கள்.  மெத்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். வழியெல்லாம் அது மடியில் ஆறிக்கொண்டே வந்தது.

வீட்டில் கணவர் காத்திருந்தார். மெத்தையை வாங்கிப் பழைய இடத்தில் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சொன்னாங்க?" என்றார். "பஞ்சு கலந்திருக்காம்." அவர் தரையைப் பார்த்தார், துணியைத் தடவிப் பார்த்தார். "அப்போ, இந்தத் தடவை நிஜமாவே என் பஞ்சுதான்" என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கூடவே கண்ணீரும் கொட்டியது. அவரும் சிரித்தார், வண்டியில் மிஷின் போன நாளிலிருந்து அவர் சிரித்து அந்த வீடு கேட்டதில்லை. பிறகு அவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

கருவி இன்னும் கீழ்த்தளத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. இயக்குநர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வீடு தேடி வந்து, சிறுகோளின் ஒரு முழு நாள் மெத்தையில் உட்கார்ந்திருந்து, காப்பி குடித்து, சுகமாக இருக்கிறது என்று சொல்லி, அது மொட்டைப் பாறைதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மெத்தைக்கு இரண்டு தடவை உறை மாற்றியாகிவிட்டது. மாற்றும்போதெல்லாம் மெத்தைக்காரர் கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்க்கிறார், அவள் தடுப்பதில்லை. அங்கே எப்போது விடியும் என்பது இப்போது தெருவுக்கே தெரியும். கை கால் வலிக்காரர்கள் அதைக் கணக்குப் பண்ணித்தான் வருகிறார்கள். அவர் பார்சல் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரத்தில் அது சூடாக இருக்கிற நாட்களில், இருவரும் நெருக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். ஆறியதும் எழுந்து, சாப்பாட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.